இருநூற்று எண்பத்தெட்டு

"அளவெல்லாம் செரியா வந்திருக்குதா கண்ணு?" என்று பிரான்சிஸ் மாமா கேட்டார்.

நான் தலையாட்டினேன். சரியில்லை என்று எனக்கு அன்று காலையிலேயே தெரியும்.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். கணபதியில் அப்பா பேட்டர்ன் பட்டறை வைத்திருந்தார். பம்பு, வால்வு எதுவானாலும் ஃபவுண்டரியில் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்துகொடுக்க வேண்டும். அந்த மரத்துக்குப் பேர்தான் பேட்டர்ன். ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் எழுந்து ஒப்பிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தையே வராது. ஒருநாள் போகாமல் நின்றேன், அப்புறம் போகவே இல்லை. பட்டறையில் பிளைவுட் மேல் பேட்டர்னின் முழு அளவுப் படத்தைப் போடுவது என் வேலையானது. அதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை.

பிரான்சிஸ் மாமா பக்கத்து ஃபவுண்டரியில் பேட்டர்னை வைத்து மண்ணில் அச்சு எடுக்கும் மோல்டராக இருந்தவர். மண் பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. வேலையை விட்டபின் அவருக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கும் கிட்டார் ஒன்றுதான். கார்த்திகை மழையில் அவர் வீட்டு ஓடு ஒழுகி, அதன் பெட்டி உப்பிப் பிளந்துவிட்டது. கழுத்து மட்டும் தப்பித்தது. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஏனுங்ணா, ஊர்ல இருக்கற பம்புக்கெல்லாம் வயிறு செதுக்கறீங்க. என் கிட்டாருக்கு ஒண்ணு செஞ்சுபோட மாட்டீங்களா?"

"வயிறு செஞ்சுபோடலாம் பிரான்சிசு. உள்ளே கொடலு எப்படிப் போகுதுன்னு யாரு கண்டா?" என்றார் அப்பா.

"ஈஸ்டருக்குள்ள வேணுங்ணா. சர்ச்சுல புதுசா கீபோர்டு வாங்கிட்டாங்க. பாஸ்டர் பையன் வாசிக்கறான். தாளம்கூட அதுலயே வருது. ஈஸ்டருக்கு நான் போய் ஒக்காரலைன்னா என் சேர எடுத்து வெளிய போட்டுருவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையுமே சிரிக்காமல் சொன்னதில்லை.

அந்தக் குடலைப் பார்த்தது நான்தான். அவர் வீட்டுக்கே போய், உடைந்த மேல்பலகையைக் குப்புறப் போட்டு அளந்தேன். உள்பக்கம் இரண்டு பட்டைகள் எக்ஸ் மாதிரி குறுக்காக ஒட்டியிருந்தன. தந்திகளைக் கட்டுகிற பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒரு தட்டையான மரத்துண்டு. அதற்குக் கீழே சாய்வாக இரண்டு சின்னப் பட்டைகள். அப்பா பட்டறை ஸ்கேலை வெளியே கொண்டுபோக விடமாட்டார் என்பதால், என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேலை எடுத்துப் போயிருந்தேன். எல்லா அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பழைய உருவத்தை அப்படியே செய்ய முடியாது. மாமாவின் தோளுக்கு அந்தப் பெட்டி பெரிது. கீழ்ப்பக்கம் இரண்டு அங்குலம் ஒடுங்க வேண்டும், கனமும் குறைய வேண்டும். ஹார்ட்போர்டில் பாதி உருவத்தை மட்டும் வெட்டி, நடுக்கோட்டில் வைத்து வரைந்து, திருப்பிப் போட்டு மறுபாதியை வரைந்தேன். உடம்பு சிறுத்ததும் எக்ஸின் கால்கள் ஓரத்துக்கு வெளியே போயின.

"வெட்டி உட்ரு" என்றார் அப்பா.

வெட்டினால் கால்கள் பாதியிலேயே முடிந்து கீழ்ப்பகுதி தாங்கல் இல்லாமல் கிடக்கும். அதனால் கோணத்தை ஒடுக்கினேன். ஒடுக்கினாலும் பிரிட்ஜின் இரண்டு நுனிகளும் பட்டைகள் மேல் உட்கார வேண்டும். மூன்று முறை அழித்துவிட்டு நாலாவது முறை போட்டேன். எல்லாம் மாறலாம், ஒன்று மட்டும் மாறக்கூடாது. கழுத்து பழையது, சுரத்துக்கு ஒன்றாக அதில் குறுக்கே அடித்த ஃபிரெட் கம்பிகளும் பழையவை. ஆகவே கழுத்து பெட்டியைத் தொடும் இடத்திலிருந்து பிரிட்ஜில் தந்திகள் படிகிற எலும்புத் துண்டு வரைக்கும் பழைய தூரமே இருக்க வேண்டும். மாறினால் கம்பிக்குக் கம்பி சுரம் பிசகும். இருநூற்று எண்பத்தெட்டு மில்லி. நோட்டில் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அந்த இருநூற்று எண்பத்தெட்டை மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து வைத்துக் குறித்தேன்.

எங்கள் மேசையில் சாதா ஸ்கேல் கிடையாது. உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துப் பேட்டர்னைப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே நீட்டிக் கோடு போட்ட ஸ்கேல் இருக்கிறது. நூறு என்று காட்டினால் அது நிஜத்தில் நூற்றிரண்டு. எஃகுக்கு அவ்வளவு. இரண்டு வருஷமாக என் கை அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

மேல்பலகைக்கு மாமா ஒரு பைன் பலகை கொண்டுவந்தார். அவிநாசி ரோட்டு மில் ஒன்றுக்கு வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியிலிருந்து எடுத்தது. இருபது பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டுப் பொறுக்கினாராம். அப்பா அதை இழைத்து, என் கோட்டின் மேலேயே பட்டைகளை ஒட்டினார்.

மறுநாள் காலை நோட்டில் கோடு போட என் சின்ன ஸ்கேலை எடுத்தேன். அது மேசை ஸ்கேலுக்குப் பக்கத்தில் கிடந்தது. இதில் பதினைந்து சென்டிமீட்டர் முடிகிற இடத்தில் அதில் பதினைந்து இன்னும் வரவில்லை. மூன்று மில்லி தள்ளி இருந்தது. இருநூற்று எண்பத்தெட்டுக்குக் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட ஆறு மில்லி.

பெட்டியை இன்னும் மூடவில்லை. பட்டைகளைச் சீவி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்ட மூன்று நாள் ஆகும். ஈஸ்டருக்கு ஒரு மாதம் இருந்தது.

மத்தியானம் மாமா வந்தார். அப்பா பலகையைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் இவ போட்ட கோடு. என்னையவிட இவ கைதான் சுத்தம், தெரியுமா? ஒம்பதாவதோட நின்னவள்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம்."

அப்பா என்னைப் பற்றி அப்படி ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா பழனியாத்தாள் டீ கொண்டுவந்தவள், "வாய் மட்டும் இல்லைங்ணா இவளுக்கு. தொறந்தா முத்து உதுந்துருமாட்ட இருக்குது" என்றாள்.

"அதனாலென்னங்க? எனக்கு வேண்டியது கைதானுங்களே" என்று மாமா என் பக்கம் திரும்பினார். "அளவெல்லாம் செரியா வந்திருக்குதா கண்ணு? இது வார்ப்பு இல்ல பாத்துக்க, திருப்பி உருக்க முடியாது."

தலையாட்டினேன்.

ஈஸ்டர் அன்று எங்களைச் சர்ச்சுக்கு அழைத்திருந்தார். நானும் அப்பாவும் கடைசி வரிசையில் நின்றோம். வெள்ளைச் சட்டையில் மாமா கிட்டாரை மடியில் வைத்திருந்தார். தோளைத் தூக்காமலே கை தந்திகள் வரை போயிற்று. அது எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டில் விரல்கள் கழுத்தில் இறங்கி வாசிக்கும் இடம் வந்தது. கீபோர்டும் கிட்டாரும் ஒரே சுரத்தைத் தொட்டன, ஆனால் ஒன்றாகவில்லை. பால் திரிந்த மாதிரி இருந்தது. பாஸ்டர் பையன் திரும்பிப் பார்த்தான். மாமா நிறுத்திவிட்டு முறுக்காணிகளைத் திருகினார், காதை வைத்துக் கேட்டார், திரும்ப வாசித்தார். திரும்பவும் அப்படியே. மூன்றாவது பாட்டுக்கு அவர் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மரம் புதுசு, பழகணும்" என்றார் அப்பா வழியில்.

இரண்டு வாரம் கழித்து மாமா கிட்டாரோடு பட்டறைக்கு வந்தார். அப்பா ஃபவுண்டரிக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"அப்பன் இல்லியா? செரி, நீயே வெச்சுக்க கண்ணு. இனி எனக்கு எதுக்கு? கீபோர்டுக்குள்ளயே கிட்டாரு சத்தமும் இருக்குதாமா. ஒரு பொத்தானை அமுக்குனாப் போதுமாம்." சிரித்தார். "உங்கப்பங்கிட்ட சொல்லு, கிட்டாரு மேல தப்பில்ல. நீங்க செஞ்சது சுத்தம். தோளுதான் போச்சுன்னு நெனைச்சேன், இப்பக் காதும் போயிருச்சு. ஃபவுண்டரி எரைச்சல்ல இருபது வருசம். ஒப்புக்கறதுக்குத்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

காது போய்விட்டது என்று அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. இருபது பலகையைத் தட்டிக் கேட்டு ஒன்றைப் பொறுக்கிய காது அது.

என் சின்ன ஸ்கேலை எடுத்து மேசை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் பூஜ்யத்தையும் ஒன்றாகச் சேர்த்தேன். அவர் மோல்டர், சுருக்க ஸ்கேல் தெரிந்தவர். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்தார். கட்டை விரலை இரண்டு ஸ்கேலின் பதினைந்துக்கும் நடுவில் வைத்தார்.

"ஒட்டுன மறுநாளே தெரியுமுங்க மாமா" என்றேன். "நீங்க கேட்டன்னிக்கே."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் ஏதாவது சொல்வார், திட்டுவார், வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் விரலை ஸ்கேல்களிலிருந்து எடுத்தார். மேசை மேலிருந்த கிட்டாரை ஒரு தரம் பார்த்தார், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வலது தோளை இடது கையால் பிடித்தபடி, ரோட்டைத் தாண்டிப் போனார்.