கதவுக்கு வெளியே நீட்டிய துப்பாக்கி முனை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. டிவியில் ஒரு பெட்டியைச் செருகி ஆடும், இருபத்தைந்து வருடப் பழைய கன்சோல் விளையாட்டு ஒன்றைத் திரும்ப ஆடி, நிறைகுறை எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டது. திரையில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். மீதி உடம்பு நாம்தான். நிறை: மூடுபனி. தூரத்தை வரைய அந்தப் பெட்டிக்குத் திராணி இல்லை என்று எல்லாவற்றையும் பனியால் மூடியிருந்தார்கள். தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். குறை: அதே பனி.

[இங்கே நிறுத்தியிருந்தால் கட்டுரை. ஆசிரியரும் நிம்மதியாக இருந்திருப்பார்.]

2

கதையின் முதல் வரி, முதல் முயற்சி: ‘என் அக்கா ஆடியதெல்லாம் அழுகுணி ஆட்டம்.’

இரண்டு பேர் ஆடினால் திரை இரண்டாகும். மேல் பாதி எனக்கு, கீழ்ப் பாதி அக்காவுக்கு. நான் கிடங்குக் கதவுக்குப் பின்னால் ஒளிவேன். அவள் பனிக்குள்ளிருந்து நேராக வந்து, கதவைத் திறந்து சுடுவாள். ஒவ்வொரு முறையும்!

“என் பாதிய எட்டிப் பாத்துட்டே!”

“சத்தியமா பாக்கலடா.”

“புளுகாதே, திருட்டு முழி.”

அந்தப் பெயரை வீடு முழுக்கப் பரப்பினேன். அவள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. அங்கே எது காணாமல் போனாலும் முதலில் அவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்களாம். அதற்குப் பிறகு அக்கா என்னோடு…

[மூன்று நாளாக இந்த வாக்கியம் இப்படியே நிற்கிறது. சரி, சொல்லித் தொலைக்கிறேன்: ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை.]

3

(அக்காவை எக்ஸ்ரே எடுப்பவளாக எழுதிப் பார்த்தேன். கதவைத் தாண்டிப் பார்ப்பவள்! அதிகப்பிரசங்கித்தனம், அடித்துவிட்டேன். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர்.)

போன வாரம் மத்தியானம், தனியாக இரண்டு பேருடைய கன்ட்ரோலரையும் செருகினேன். என் ஆளைப் பழைய கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அக்காவின் ஆளைப் பனிக்குள் நடத்தி வந்தேன். முதல் முறையாகக் கீழ்ப் பாதியைப் பார்த்தேன்.

மூடிய கதவுக்கு வெளியே என் துப்பாக்கி முனை ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

விளையாட்டைச் செய்தவர்கள் விட்ட பிழை. அடச்சே, எனக்கு அழுகை வந்துவிட்டது.

4

முடிவு அ: போன் செய்கிறேன், அவள் எடுக்கவில்லை.

முடிவு ஆ: எடுக்கிறாள், இருவரும் அழுகிறோம். [சகிக்கவில்லை.]

நடந்தது இது:

“அக்கா, நான்தான். நீ எட்டிப் பாக்கல. என் துப்பாக்கி கதவுக்கு வெளிய தெரியுது.”

அக்கா நலம்கூட விசாரிக்கவில்லை.

“என் பாதிய ஒரே ஒரு தடவை பாருடான்னு அன்னைக்குக் கெஞ்சினேன். ‘நான் உன்ன மாதிரி எட்டிப் பாக்க மாட்டேன்’ன்னு சொன்னே.”

“தப்புதான்க்கா. மன்னிச்சிடு. ஞாயித்துக்கிழமை வர்றியா? ஒரே ஒரு ஆட்டம்.”

“பாக்கலாம்.”

5

ஞாயிறு காலை. வெளியே பனி, எதிர்வீடுகூடத் தெரியவில்லை. [சத்தியமாக நான் சேர்த்ததில்லை.] திரையில் என் ஆள் கதவுக்குப் பின்னால் நிற்கிறான். முனை வெளியே நன்றாகத் தெரியும்படி நிறுத்தியிருக்கிறேன். அவளுடைய கன்ட்ரோலர் சோபாவில் இருக்கிறது.

தெருவில் யாரோ நடந்து வரும் சத்தம். அக்காவா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பொறுமையில்லை. நான் எட்டிப் பார்க்கப் போகிறேன்.