கைராசிக்கு நாலு சொட்டு

என் மனுசன் திலக்சனுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. தேத்தண்ணீர் என்றால் செம்பு நிறைய வேண்டும். திருநீறு என்றால் முகம் முழுக்கப் பூசவேண்டும். இந்தக் குணம் ஒருநாள் எங்களைக் கொல்லும் என்று விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். என்ன வாய் எனக்கு!

இறக்கக்கண்டியில் மீன் ஏற்றும் எங்கள் லொறியின் எஞ்சின் செத்துப்போனது. ஜப்பானில் ஓடிக் கழித்த எஞ்சின் ஒன்றை வாங்கி, பாலையூற்றில் ஞானசேகரம் அண்ணையின் கராஜில் இறக்கினோம். அவர் அதைப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததெல்லாம் மாற்றி, இழுவை கூடட்டும் என்று டர்போவும் பூட்டினார். லொறியில் ஏற்றுவதற்கு முதல் இரும்புச் சட்டத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும்.

அந்தக் கராஜில் ஒரு வழக்கம். ஒயிலை அண்ணையே அளவாக ஊற்றிவிடுவார். கடைசியில் கைராசிக்காகச் சொந்தக்காரர் நாலு சொட்டு விடவேண்டும். அண்ணை தேங்காய் உடைக்க வாசலுக்குப் போனார், நான் கற்பூரம் கொளுத்தினேன், திலக்சன் ஒயில் கானைத் தூக்கினார்.

அண்ணை வந்து முடுக்கியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மனுசனின் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படியொரு சிரிப்பு இல்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, தண்ணீர் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று நீலப்புகை வந்தது. ஒருவரும் தொடாமலே வேகம் ஏறியது.

"அண்ணை, ஏன் இப்பிடிக் கத்துது?" என்றேன்.

அவர் டீசலை அடைத்தார். நிற்கவில்லை. டீசல் குழாயையே பிடுங்கி எறிந்தார். இன்னும் கூடுதலாக அலறியது. அவருடைய முகம் வெளிறியது.

"ஐயோ, ஒயிலைக் குடிச்சு ஓடுது! காத்து இழுக்கிற வாயை அடைக்காட்டி வெடிச்சுப் பறக்கும்! பலகை, பலகை!" என்று கத்திக்கொண்டு அவர் வெளியே ஓடினார். வேலைக்காரப் பெடியன்களும் ஓடினார்கள்.

திலக்சன் ஓடவில்லை. அவரால் ஏலாது. எஞ்சினின் உலுக்கலில் குதித்த சட்டம் அவர் பக்கமாகச் சரிந்துவிட்டது. இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். கையை விட்டால் அவ்வளவு இரும்பும் அவருடைய நெஞ்சில்தான் விழும்.

"ரூபி, ஓடு! நீயாவது இருந்து பிள்ளையளைப் பார்!"

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்ல? கால் இரண்டும் வாசல் பக்கமாகத் திரும்பின. காளித்தாயே, இந்த மனுசனை எடுத்துப்போடாதே என்று மட்டும் மனம் கத்தியது.

லொறிக்குக் கீழே படுத்து வேலைசெய்யும் பலகை ஒன்று சுவரோரம் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் போனேன். கண் தெரியவில்லை. காற்று எங்கே இழுக்கிறதென்று என் சட்டையின் ஓரம் காட்டியது. பலகையை அந்த வாயில் வைத்து நெஞ்சால் அமத்தினேன். உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பல்லெல்லாம் கிடுகிடுத்தது. எஞ்சின் விக்கியது, இருமியது, நின்றது.

அண்ணை ஓடிவந்தார். பெடியன்களும் சேர்ந்து சட்டத்தை நிமிர்த்தினார்கள். பிறகு அவர் ஒயில் பார்க்கும் கம்பியை உருவினார். கம்பி மேல் நுனிவரை நனைந்திருந்தது.

"தம்பி, எவ்வளவு ஊத்தினனீங்கள்?"

"நாலு சொட்டு போதுமோ எண்டு... முழுக் கானையும்."

ஏசுவதற்கு என்னிடம் ஆயிரம் சொல் இருந்தது. அவர் பக்கம் திரும்பினேன். திலக்சனின் கை இரண்டும் விறைத்து, இன்னும் எதையோ தாங்குவதுபோல் முன்னால் நீண்டிருந்தன.

"ஓடச் சொன்னனான் எல்லே. ஏன் ரூபி ஓடேல்லை?"

"நீங்கள் இதுக்குள்ள நிக்கேக்குள்ள நான் எங்க ஓடுறது?" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.