இடம் மாறிய மாத்திரைகள்

ஆஸ்பத்திரி அறைக்குள் நுழையும்போதே அக்கா கதவில் தோளை இடித்துக்கொண்டாள். “பாத்து வாக்கா, கதவு ரொம்ப நாளா அங்கதான் இருக்கு” என்று தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவருக்கும் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து விழித்திரை நோய். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். தம்பியின் சின்ன மகளுக்கும் அது இருந்தது. நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று இந்த ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரையைச் சோதித்தார்கள்; அக்காவும் தம்பியும் அதில் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது.

அக்காவுக்குத் தெரியும்! சும்மா இருக்கிற பிறவியா அவள்? முதல் நாளே இரண்டு புட்டியிலிருந்தும் ஒவ்வொன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். தன்னுடையது எட்டிக்காயாகக் கசந்தது. தம்பியுடையது சப்பென்றிருந்தது. பிள்ளையை வளர்க்க வேண்டியவன், அவன் கண்தான் முக்கியம் என்று மாத்திரைகளைப் புட்டி மாற்றிப் போட்டாள். அவனிடம் மூச்சு விடவில்லை. புதுப் புட்டி வரும்போதெல்லாம் இதே வேலைதான்.

சோதனை முடிந்து, யாருக்கு எது என்ற ரகசியத்தை இன்று பிரித்துவிட்டார்கள். தன் குட்டு உடைந்திருக்கும் என்றுதான் அவள் நடுங்கினாள். ஆனால் டாக்டரம்மா சொன்னது வேறு. மருந்து சாப்பிட்ட அக்காவுக்குப் பார்வை இன்னும் சுருங்கிவிட்டதாம். மாவு சாப்பிட்ட தம்பிக்கு அப்படியே நிற்கிறதாம். அபூர்வ நோய், வந்தவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இருவர் போதும் கணக்கைக் கவிழ்க்க. மருந்தால் பிரயோசனமில்லை, கைவிடப்போகிறோம் என்றார்.

“மனசை விட்டுடாதீங்க. அடுத்த மாசம் வேற மருந்து வருது. உங்க ரெண்டு பேரையும் சேத்துட்டேன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, வேலை செய்த மருந்தை உன் கையாலேயே கொன்றுவிட்டாயே! வாயை மூடிக்கொண்டால் புது மருந்தாவது தம்பிக்குக் கிடைக்கும். சொன்னால், விதியை மீறியவர்களுக்கு எந்தச் சோதனையிலும் இடமில்லை. ஆனால் தம்பி மகளின் அந்தச் சின்னக் கண்களுக்கு உதவும் என்று தெரிந்தது இந்த மருந்து ஒன்றுதானே?

“மருந்து சாப்பிட்டது அவன், டாக்டர். மாவு சாப்பிட்டது நான். மாத்தி வெச்சது நான்தான், அவனுக்குத் தெரியாது.”

இருவரையும் விலக்கத்தான் வேண்டும், புது மருந்தும் கிடையாது என்றார் டாக்டரம்மா. ஆனால் இந்த மருந்தைக் கைவிட விடமாட்டேன், மறுபடி சோதிக்கச் சொல்லிப் போராடுவேன் என்றார். மீதி மாத்திரைகளைக் கேட்டுப் பக்கவாட்டில் கையை நீட்டினார்.

அக்கா புட்டிகளை மடியில் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அந்தக் கையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். புட்டிகளை மெல்ல வாங்கி அந்தக் கையில் வைத்தான்.

“அவங்க கைய நீட்டினது உனக்குத் தெரியலையாக்கா?”

“இல்லடா” என்றாள்.

திரும்பும்போது, கதவு வருவதற்கு முன்பே அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.