சுரண்டிய இடம்

அக்கா புருஷனான மாமாவின் ஜீப்பில், கரண்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரை மாற்றியது நான்தான். வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்துப் பார்த்து என் இடுப்பு போய்விட்டது. இருந்தாலும் அக்காவுக்காகச் செய்தேன். அவளுக்கு நுரையீரலில் பாதிதான் மிச்சம். ஆஸ்பத்திரிக்கு இறங்கும் கல்பாதையில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் போகாது. வழி நெடுக அவளுடைய ஆக்சிஜன் மெஷின் ஜீப் கரண்டில்தான் ஓட வேண்டும். பழைய ரெகுலேட்டரோ, வண்டி மெதுவாக உருண்டாலே சோர்ந்துவிடும். மெஷின் கத்தும், அக்காவின் உதடு கறுக்கும்.

புதிது எலக்ட்ரானிக். அது வண்டித் தகட்டோடு நன்றாக ஒட்டினால்தான் அதற்கு எர்த் கிடைக்கும். அதனால் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்கினேன். மீட்டர் சரியாகப் பதினாலு வோல்ட் காட்டியது. சுரண்டிய இடத்தையே மாமா பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, மெஷினைச் சொருகி, வண்டியைக் கிளப்பினோம். வாசல் தாண்டவில்லை, மெஷின் ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது. மீட்டரை வைத்தால் பதினேழு, மெஷின் தாங்காத அளவு. வீட்டுக்குள்ளிருந்து வயரை இழுத்து மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றினேன். அதன் அடியில் மொழுமொழுவென்று புதுப் பெயின்ட்.

"யாரு மாமா இத அடிச்சது?"

"ராத்திரி நான்தான் கழட்டி அடிச்சேன். வெறும் இரும்பா கெடந்துச்சுப்பா. துரு புடிச்சிருமேன்னுதான்..."

"எர்த்த மூடிட்டீங்க. எவ்வளவு கரண்ட் போகுதுன்னே ரெகுலேட்டருக்குத் தெரியாம அள்ளி விட்டுருச்சு. பாதி வழியில நின்னிருந்தா என்ன பண்ணிருப்பீங்க? பெயின்ட் டப்பாவ மோந்து பாக்கச் சொல்லிருப்பீங்களா அவள?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

"ஏசாதடா," என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேடினாள். "காயம் கண்ணுல பட்டா அவருக்குத் தாங்காது. மூடிருவாரு. எனக்கு மூக்குல கொழா மாட்டினதுலேருந்து... எம்மூஞ்சியவே பாக்கறதில்ல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்கிற மாதிரிதான் சொன்னாள். பெயின்டைத் தேய்த்தெடுக்க உப்புத்தாளை எடுத்தேன்.

மாமா என் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கித் தானே தேய்த்தார். தேவைக்கு மேலேயே தேய்த்தார். நான் தடுக்கவில்லை. பூட்டிப் பார்த்தபோது பதினாலு வந்தது.

"நீயே ஓட்டுப்பா," என்று சாவியைக் கொடுத்துவிட்டு, பின்னால் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

கல்பாதையில் இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். மெஷின் ஒழுங்காக ஓடியது. மாமா வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கி, குழாய் அக்காவின் மூக்கிலிருந்து நழுவியது. அவள் கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைப் பார்க்காமல் அதை மாட்ட வழியில்லை. மாமா திரும்பினார். குழாயை மாட்டினார். மாட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"எப்படி எளச்சுப் போயிட்ட," என்றார்.