சுவர்ப் பக்கம்

வீட்டில் குழந்தை எந்தப் பக்கம் படுக்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டதும் அளவுக்காரருக்கு எரிச்சலாகத்தான் வந்தது. மகளுக்கு மூன்று வாரமாக மூச்சிளைப்பு. பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லி, இரண்டு பேருந்து மாறி, முக்கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து உள்ளே வந்தால், ஜோசியக்காரர் மாதிரி திசை கேட்கிறாரே என்று நினைத்தார். ஆனாலும் பதில் சொல்ல வாய் தயாராக இருந்தது. ஏனென்றால் அது அவர் பெருமைப்பட்டுக்கொள்கிற சங்கதி.

"சுவர்ப் பக்கம்தாங்க. கதவுப் பக்கம் காத்து வரும்னு நான்தான் அவளை உள்பக்கமா போட்டேன். அந்தச் சுவர் பூரா ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கேன். நல்லா ஒட்டிப் படுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன். கதகதன்னு இருக்கும்."

டாக்டரம்மா காதிலிருந்து குழாயைக் கழற்றினார். ஸ்பாஞ்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். சுவர்தான், வேறென்ன இருக்கும் என்றார் இவர்.

சோபா செய்யும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக ஸ்பாஞ்சு வெட்டுகிறவர் அவர். அளவு நாடாவைத் தொடாமல் கண்ணால் பார்த்தே வெட்டுவார். மற்றவர்கள் வெட்டிப் பொருத்தினால் இடுக்கில் விரல் நுழையும். இவர் பொருத்தினால் நூல்கூட நுழையாது. அளவுக்காரர் என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. வேறு எதற்காகவும் அவரை யாரும் பாராட்டியது கிடையாது.

குடியிருப்பது தரைத்தளத்தில் இரண்டு அறை. பின்பக்கச் சுவரில் வெயில் பட்டதே இல்லை. போன குளிர்காலத்தில் வீட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன ஹீட்டரைத் தைரியமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். வந்த கரண்டு பில்லைப் பார்த்து அவர் மனைவி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இந்த வருடம் அதன் வயரைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. பாய்க்கு அடியில் பழைய செய்தித்தாள். கதவுக்கு இரட்டைப் போர்வை. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றிக் காலுறைக்குள் திணித்துப் படுக்கையில் வைப்பது. சமைத்து முடித்ததும் அடுப்படிக் கதவைத் திறந்து ஆவியை இந்தப் பக்கம் அனுப்புவது. ஈரத்துணிகூட உள்ளேதான், அறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில். எல்லாரும் ஒரே அறையில்: அவர், மனைவி, ஆறு வயது மகள், வேலை தேடி வந்து தங்கியிருக்கும் மைத்துனன்.

அதற்கெல்லாம் மேலே அந்த ஸ்பாஞ்சுச் சுவர். பட்டறையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளை முதலாளி குப்பைக்கு அனுப்புவார். இவர் கேட்டு வாங்கி மூட்டை கட்டித் தோளில் போட்டு வந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, துண்டுக்குத் துண்டு பொருத்தி, பட்டறைப் பசையைத் தடவி, அந்தப் பின்பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒட்டி முடித்தார். மேல் மூலையில் ஒரு குழாய் குறுக்கே போனதால் அங்கே மட்டும் கையளவு இடம் விட்டுப்போயிற்று. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் சுவர் வேலை செய்தது. அன்றைக்கு மனைவி காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். அத்தான், சோபாவுக்குள்ளயே குடிபோன மாதிரி இருக்கு என்றான் மைத்துனன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சுவரை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டறைத் தையல்காரர் கேட்டார் என்று அவர் வீட்டுக்கும் போய் ஒரு சுவருக்கு ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே ஏழு மாதக் கைக்குழந்தை.

பிறகுதான் மகளுக்கு இருமல் வந்தது. இருமல் இளைப்பானது. எங்கிருந்தோ குளிர் உள்ளே வருகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டினார். கதவுக்கு மேலிருந்த காற்றோட்டத் துளையைத் துணியால் அடைத்தார். இளைப்பு கூடக் கூட, ஓட்டையைத் தேடித் தேடி அடைத்தார். அவளைச் சுவரோடு இன்னும் நெருக்கிப் படுக்க வைத்தார்.

"வீட்டுக்குப் போய் ஒரு துண்டைப் பிச்சுப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. "கறுப்பா இருந்தா, ஈரம் காய வழியில்லாம உள்ள வந்த பூஞ்சை அது. அதைத்தான் இவ தூங்கறப்பல்லாம் சுவாசிச்சிருக்கா."

மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே மற்றதையும் சொன்னார். ஸ்பாஞ்சை முழுக்க எடுத்துவிட வேண்டும். ஜன்னலை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கால் மணி நேரம் நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். உள்ளே துணி காயப் போடக் கூடாது. அறை குளிரவும் கூடாது, குளிர்ந்தாலும் இவளுக்கு இளைக்கும். அளவுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர் கடைசியில் நின்றுவிட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அறையை எப்படிச் சூடாக வைத்துக்கொள்வது என்று கேட்டார். அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஹீட்டர் போடணும்" என்றார் டாக்டரம்மா, சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். நல்ல மனுஷிதான். வெளியே இன்னும் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். மனைவி அப்போதுதான் ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். என்ன, ஏது என்று கேட்டாள். அவர் சுவரில் கத்தியை இறக்கினார். சுலபத்தில் வரவில்லை. அவர் தடவிய பசை அல்லவா, அவருக்கே மல்லுக்கட்டியது. முதல் துண்டு பிய்ந்து வந்ததும் ஈரக் கோணிச்சாக்கு வாடை முகத்தில் அடித்தது. சுவர் கறுப்பாக இருந்தது. அங்கங்கே புள்ளி புள்ளியாக அல்ல. அடிபிடித்த பாத்திரத்தின் அடிப்பாகம் மாதிரி ஒரே கறுப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது. அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு, எல்லாம் அப்படியே. துண்டும் துண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருந்ததோ அவ்வளவு கறுப்பு. மேல் மூலையில் அவர் வெட்கப்பட்டு விட்டுவைத்த கையளவு இடம் மட்டும் வெள்ளையாக, உலர்ந்து கிடந்தது. வேலை தெரியாத எவனாவது இடுக்கு இடுக்காக விட்டு ஒட்டியிருந்தால்கூட இவ்வளவு வந்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

கீழ் வரிசையில், தலையணை இருக்கும் உயரத்தில், ஒரு துண்டில் சிறிய குழி விழுந்திருந்தது. அவர் சொன்ன சொல் தட்டாமல் மகள் தினமும் முகத்தைப் புதைத்துப் படுத்த இடம். அந்தத் துண்டை மனைவி பார்ப்பதற்குள் மடித்துக் கோணிக்குள் போட்டார். அவள் பார்த்துவிட்டாள்.

"நான்தானே அவளை அங்க படுக்கச் சொன்னேன்" என்றார்.

"நீங்க சொன்னீங்க. நான்தான் புரண்டு வர்றவளைப் புடிச்சு உள்ள தள்ளித் தள்ளிப் படுக்க வச்சேன்" என்றாள் அவள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. துடைப்பத்தை எடுத்துவந்து கீழே விழுந்த தூள்களைப் பெருக்கினாள்.

வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். சுவருக்கு வெளியே பூச்சு உதிர்ந்து கிடப்பதைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சுவர் அப்படித்தான் என்றார். ஆள் குடியிருந்தால் ஈரம் வரத்தான் செய்யும். கொதிக்க வைக்கிறீர்கள், துணி காயப் போடுகிறீர்கள், நாலு பேர் மூச்சு விடுகிறீர்கள், எல்லாம் தண்ணீர்தானே என்று விளக்கம் வேறு. இனிமேல் முறைவைத்து மூச்சு விடுகிறோம் என்று சொல்ல அளவுக்காரருக்கு வாய் வரை வந்தது. இருப்பது வாடகை வீடு. சரிங்க என்று சொல்லி வைத்தார்.

சுவரைச் சுரண்டினார்கள், மருந்துத் தண்ணீர் போட்டுக் கழுவினார்கள். மைத்துனன் பதினோரு மூட்டை ஸ்பாஞ்சைச் சந்துமுனைக் குப்பைத் தொட்டிக்குத் தூக்கிப்போனான், வாயைத் திறந்து ஒரு கேலியும் பேசாமல். ஏழு நாள் சுவர் வெள்ளையாக இருந்தது. எட்டாம் நாள் கீழ் மூலையில் மிளகு தூவினாற்போல் மறுபடி தொடங்கியது. அறை போன வருடத்தைவிடக் குளிர்ந்தது, அல்லது இடையில் கதகதப்பைப் பார்த்துவிட்டதால் அப்படித் தெரிந்தது. ஹீட்டரைப் பரணிலிருந்து இறக்கினார்கள். குழந்தை தூங்கப்போகும்போது ஒரு மணி நேரம் என்று முடிவு. அந்த ஒரு மணி நேரமும் மனைவி ஹீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் மெத்தைச் சுவரைத் திருப்பிக் கொடு என்று மூன்று நாள் அழுதாள். அது கெட்டது கண்ணு என்றார். அப்போ ஏன் ஒட்டினே என்று கேட்டாள்.

பட்டறையில் தையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். உடனே பிய்த்துப் போடுங்கள், நானே வந்து பிய்த்துத் தருகிறேன் என்றார். தையல்காரர் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார். பிறகு, "புள்ள இப்பத்தான் அழுவாம தூங்குதுண்ணே. குளிர் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். அளவுக்காரர் இன்னும் இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை தையல்காரரே பேச்சை மாற்றிவிட்டார். சொன்னால் கேட்கவில்லை என்று கோபப்படவும் முடியவில்லை; ஒரு மாதத்துக்கு முன்னால் தன்னிடம் யாராவது வந்து சொல்லியிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஹோட்டலுக்குப் போயிருந்தாள், மைத்துனன் யாரையோ வேலை விஷயமாகப் பார்க்கப் போயிருந்தான். டாக்டரம்மா சொன்ன கால் மணி நேரத்துக்காக ஜன்னலைத் திறக்க வேண்டிய நேரம். படுக்கையைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டிருந்தார். மகளுக்குக் கோட்டு, குல்லாய், இரண்டு ஜோடிக் காலுறை எல்லாம் மாட்டி, போர்வைக்குள் உட்கார வைத்தார். ஒவ்வொரு தடவையும் திரும்ப ஒட்டிவைக்கும் டேப்பைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தார். காலையிலிருந்து நான்கு பேரும் அடுப்பும் சேர்ந்து சேர்த்து வைத்திருந்த சூடு ஒரே மூச்சில் வெளியே போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மகளின் உதடு வெளிறியது.

"அப்பா, இங்க பாரு. என் வாயிலேருந்து புகை வருது."

பார்த்தார். அவள் வாயைக் குவித்து ஊதினாள். வெள்ளையாக ஒரு புகை எழுந்து கரைந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். இன்னொன்று ஊதினாள், அது முன்னதைவிடச் சிறியது. மூன்றாவதை ஊத மூச்சை இழுத்தபோது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. புகை பாதியில் அறுந்து, பின்னால் ஒரு துணுக்கு தனியாக வந்தது. நீயும் விடுப்பா என்றாள். ஜன்னல் கொக்கியில் அவர் கை இருந்தது. அதை மூடவும் வரவில்லை, திறந்தபடி விடவும் வரவில்லை. தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து அடுத்த புகை எப்போது வரும் என்று பார்த்தபடி நின்றார்.