சர்க்கரை போட்ட காப்பி

அம்மா இறந்து ஒரு வருஷம். அலெக்ஸாந்திரியா வீட்டின் கூடத்தில் குர்ஆன் ஓதி முடித்திருந்தார்கள். சமையலறையில் இன்ஷிராஹ் சர்க்கரையில்லாத காப்பி காய்ச்சினாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அதுதான் வழக்கம்; சர்க்கரை போட்டது கல்யாணத்துக்கு.

தம்பி வக்தி கெய்ரோவிலிருந்து வந்திருந்தான். கூடவே அவனுடைய புது நாவலும், நெவின் என்ற பத்திரிகைக்காரியும்.

அந்த நாவலை இன்ஷிராஹ் காலையில்தான் படித்து முடித்தாள். ஒரு மகன் தாயின் உடலைக் குளிப்பாட்டுகிறான். ஒரு குவளைத் தண்ணீர் விழுவதற்குள் பாதிப் புத்தகம். குழந்தைப் பருவம், போர், அப்பாவின் சாவு எல்லாம் அந்தத் தண்ணீரில் வந்து போயின. அக்கா என்று யாரும் அதில் இல்லை.

அம்மா இறந்த மறுவாரம் கெய்ரோவிலிருந்து வக்தி தினமும் போன் செய்தான். "முடி எப்படி இருந்துச்சு அக்கா? தண்ணி சூடா, ஆறினதா?" துக்கத்தில் கேட்கிறான் என்று நினைத்து, முதுகுப் புண்ணின் சீழ் நாற்றம் வரை சொன்னாள். புத்தகத்தில் அந்தப் புண் ரோஜாவாகியிருந்தது.

வக்தி உள்ளே வந்தான். "அக்கா, நான்தான் குளிப்பாட்டினேன்னு நெவின்கிட்ட சொல்லியிருக்கேன். கெஞ்சி அழுதேன், நீ கதவைத் திறந்துவிட்டே. கேட்டா ஆமான்னு சொல்லிடு."

"பொம்பளைங்க குளிப்பாட்டுற இடத்துலயா? சித்திங்க காதுல விழுந்தா செருப்பு பிஞ்சிடும்டா."

"ஒரே ஒரு ஆமாதானே கேக்கறேன்?"

கூடத்தில் காப்பி கொடுக்கும்போது நெவின் கேட்டேவிட்டாள். "கதவைத் திறந்தது நீங்கதானே? வக்தி அதைச் சொன்னப்போ அழுதுட்டேங்க."

இன்ஷிராஹ் தம்பியின் கைகளைப் பார்த்தாள். நகம் வெட்டிய, மெத்தென்ற கைகள்.

"கதவை உள்ளேருந்து தாழ் போட்டதே நான்தான். குளிப்பாட்டினதும் நான்தான். அடக்கம் முடிஞ்சு எல்லாரும் திரும்பின பிறகுதான் இவன் ரயில்ல வந்து இறங்கினான்."

வக்தி சிரித்தான். "பாத்தீங்களா நெவின்? ஞாபகம் ஆளுக்கு ஒரு மாதிரி. என் நாவலே இதைப் பத்தினதுதான்."

நெவின் தலையசைத்து எழுதிக்கொண்டாள்.

இன்ஷிராஹ் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தாள். எல்லோரும் பார்க்க அவன் கோப்பையில் அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினாள். இறைவன் பெயரைச் சொல்லி உருட்டிக்கொண்டிருந்த சித்திகளின் விரலில் தஸ்பீஹ் மணி நின்றுபோனது.

"குடிடா. உனக்கு இன்னைக்குக் கல்யாணம்தானே."

அவன் கோப்பையைப் பார்த்தான். நெவின் கேமராவைத் தூக்கியிருந்தாள். வக்தி தன் முகத்தைச் சற்றே வெளிச்சத்துக்குத் திருப்பி, அடிச்சர்க்கரை வரை குடித்தான்.