கிழிக்காத மஞ்சள் சீட்டு

ஐந்நூறு நகல் வேண்டும் என்று சட்டசபை உறுப்பினரின் ஆட்கள் அந்தத் துண்டறிக்கையை நாத்தனாரின் நகல் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் நகல் வெளியே வந்ததுமே நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணி, உடனே கடைக்கு வாங்க. இந்த வயித்தெரிச்சலை நான் மட்டும் எதுக்குத் தனியா அனுபவிக்கணும்?"

அண்ணி வந்து பார்த்தாள். துண்டறிக்கைப் படத்தில் உறுப்பினர் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில், 'அழைத்த ஏழாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ்! சபையிலேயே சொன்னேன், செய்து காட்டினேன்!'

"ஏழு நிமிஷத்துல இந்தத் தெருவுக்கு ஒரு டீ வராது. எங்கண்ணனுக்கு மட்டும் ஆம்புலன்ஸ் வந்துடுச்சாம்" என்றாள் நாத்தனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், சவரம் செய்துகொண்டிருந்த அவள் கணவன் வாஷ்பேசின் அடியில் அப்படியே சரிந்தான். ஒரு கன்னத்தில் நுரை. அவள் போன் செய்தாள். எடுத்தது வேலையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலித் தோழி. ஏனென்றால் அவள் வேலை பார்ப்பதே ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில்தான், ஆறு வருடமாக.

"வண்டி கிளம்பிடுச்சுக்கா, லைன்லயே இருங்க" என்றாள் தோழி.

மாடி வீட்டுக்காரர் தன் லோடு வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "பின்னால படுக்க வெச்சு நாமளே கொண்டு போயிடலாம்மா" என்று கெஞ்சினார். "வேண்டாம்ணே, வண்டி கிளம்பிடுச்சு" என்று தடுத்தது அவள்தான். வண்டி வந்தபோது நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. கன்னத்து நுரை காய்ந்துவிட்டிருந்தது.

'வண்டி கிளம்பிடுச்சு' என்பது அந்த அறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த வாசகம். வண்டி இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் அவளே அதைச் சொல்லியிருக்கிறாள். தன் வாயில் வந்தபோது பொய்யென்று தெரிந்த வாசகத்தை, காதில் விழுந்தபோது நம்பிவிட்டாள்.

வண்டி எதுவும் காலியாக இல்லாதபோது வரும் அழைப்பை நேரத்தோடு ஒரு மஞ்சள் சீட்டில் குறித்துத் தட்டில் வைப்பார்கள். வண்டி கிடைத்த பிறகுதான் அது கணினியில் ஏறும். கடிகாரமும் அப்போதுதான் ஓடத் தொடங்கும். பிறகு சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். அவள் கணவனின் நாற்பத்து மூன்று நிமிடத்தில் முப்பத்தாறு அந்தக் கூடைக்குப் போக வேண்டியவை. தோழி அன்று கிழிக்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பிய நாளில், கழிவறை வாசலில் தோழி அந்தச் சீட்டை அவள் கையில் திணித்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

"எடுத்துடு" என்றாள் அவள் நாத்தனாரிடம்.

"எதை?"

"ஐந்நூறு நகலையும்."

"அண்ணி, உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா?"

"எல்லார் கையிலயும் அது இருக்கட்டும். நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அப்புறம் அவர் வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் காலை உறுப்பினரின் மக்கள் சந்திப்புக் கூட்டம். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. கேள்விகளை முன்பே சீட்டில் எழுதி வாங்கி வடிகட்டியிருந்தார்கள். தெருவிளக்கு பற்றி இரண்டு, பூங்கா பற்றி ஒன்று, மீதியெல்லாம் பாராட்டு. முன்வரிசையில் அவளுடைய சூப்பர்வைசர் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்தாள்.

"சீட்டு கொடுத்தீங்களாம்மா?" என்று ஒரு தொண்டன் மறித்தான்.

"சீட்டு என்கிட்ட இருக்கு" என்று மஞ்சள் தாளைத் தூக்கிக் காட்டினாள். பிறகு மேடையைப் பார்த்தாள். "சார், ஏழு நிமிஷம்னு போட்டிருக்கீங்களே, அது எதுல இருந்து?"

"போன் பண்ணதுல இருந்துதாம்மா. பின்ன பொறந்ததுல இருந்தா எண்ணுவாங்க?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"என் புருஷனுக்காக எட்டு ஆறுக்குப் போன் பண்ணேன். வண்டி எட்டு நாப்பத்தொம்பதுக்கு வந்துச்சு. உங்க கணக்குல அது ஏழு நிமிஷம். மீதி முப்பத்தாறு நிமிஷத்தை எங்க சார் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

சிரிப்பு பட்டென்று நின்றது. உறுப்பினர் குரலைத் தாழ்த்தினார். "சகோதரி, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்."

"பங்கு பிரிக்க வரல சார். பதில் கேட்டு வந்தேன்."

பின்வரிசையிலிருந்து நாத்தனார் விசிலடித்தாள்.

"இது அதிகாரிங்க கொடுத்த கணக்கும்மா. நான் என்ன கடிகாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆம்புலன்ஸ் பின்னாடியும் ஓடவா முடியும்? தப்புன்னா கொடுத்தவங்க மேல நாளைக்கே நடவடிக்கை!" அவர் விரல் சூப்பர்வைசரை நோக்கி நீண்டது.

மேலதிகாரி முன்னால் இருமக்கூட யோசிக்கிறவர் சூப்பர்வைசர். எழுந்து நின்றபோது அவர் கழுத்து வியர்த்திருந்தது.

"சார், காத்திருந்த நேரம் இதுல சேரலைன்னு கீழே எழுதித்தானே அனுப்பினோம்? அந்த வரியை எடுத்துட்டு அனுப்புன்னு நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க? உங்க கையெழுத்தோட இருக்கே சார்!" கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் சீட்டுக்காகக் காத்திருக்கவில்லை. "எங்கம்மாவுக்கு ஒரு மணி நேரம்!" என்று ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். "எனக்கு வரவே இல்லய்யா, தள்ளுவண்டியில போனேன்!" துண்டறிக்கைகளைச் சுருட்டி மேடையில் வீசினார்கள். மைக் திடீரென்று பழுதாகிவிட்டது. உறுப்பினர் பின்வாசல் வழியாகக் கார் ஏறினார்.

வாசலில் சூப்பர்வைசர் அவளிடம் வந்தார். "பார்த்தியாம்மா, உண்மையைச் சொல்லிட்டேன்."

"மாட்டிக்கிட்டதும் சொன்னீங்க சார்" என்றாள். அவர் முகம் சுண்டியது. "நானும் யோக்கியம் இல்ல. வீட்டுல சாவு விழுந்த பிறகுதான் எனக்கு உறைச்சுது."

அன்று மதியமே, சபையில் பொய் சொன்ன உறுப்பினர் மீது சபையின் ஒழுங்குக் குழுவுக்குப் புகார் எழுதினார்கள். அவள் சொல்லச் சொல்ல நாத்தனார் கடைக் கணினியில் தட்டினாள். கோப்பின் நகலைத் தர சூப்பர்வைசர் பயந்தார். ஆனால் அவர் பேசியதை இருபது பேர் போனில் பதிவு செய்திருந்தார்கள். சபையில் சொன்னது, துண்டறிக்கை, மஞ்சள் சீட்டு எல்லாம் வரிசையாக வந்த பிறகு கடைசி வரியில் நாத்தனாரின் விரல் நின்றது.

"'ஆறு வருடமாக நானும் இந்தச் சீட்டுகளைக் கிழித்திருக்கிறேன்.' இது எதுக்கு அண்ணி? வேலையே போயிடும்."

"போகட்டும். அவர் மட்டும் பொய் சொன்னார்னு நான் எழுதினா, அது என் பங்குக்கு ஒரு பொய்."

நாத்தனார் வாய்க்குள் எதையோ திட்டினாள். யாரை என்று தெரியவில்லை. தட்டி முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினாள்.

மறுநாள் அவள் நாற்காலியை யாரும் இன்னும் பறிக்கவில்லை. பத்தரை மணிக்கு ஓர் அழைப்பு. ஓர் ஆள் மூச்சு வாங்கினார். அப்பா மாடிப்படியில் விழுந்துவிட்டார், பேச்சு குழறுகிறது. அவள் பலகையைப் பார்த்தாள். ஒரு வண்டிகூடக் காலியாக இல்லை. முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் வந்து நிற்பது தெரிந்தது. மஞ்சள் சீட்டில் நேரத்தைக் குறித்தாள்.

"வண்டி கிளம்பிடுச்சாம்மா?"

"இல்லைங்க. இப்ப வண்டியே இல்ல. எப்ப வரும்னும் தெரியல. தெருவுல காரோ வேனோ எது போனாலும் நிறுத்துங்க. எங்களுக்காகக் காத்திருக்காதீங்க."

"வண்டி இல்லாம என்ன மயித்துக்கு ஆபீஸ் நடத்துறீங்க?" என்று கத்தினார் அந்த ஆள். அவர் திரும்பி யாரிடமோ அலறியது கேட்டது. "டேய், அந்த வேனை நிறுத்துடா! அப்பாவைத் தூக்கு!"

இணைப்பு அறுந்தது. சூப்பர்வைசர் கூடையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் சீட்டை இரண்டாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.